குறிப்பு முதலில், ஸ்லைடு பிறகு

சென்னைப் பாடியில் தொடங்கி அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி என்று சி.டி.எச். சாலையோடு போனாலும் சரி, பூந்தமல்லி தாண்டித் திருமழிசை சிட்கோ பக்கம் திரும்பினாலும் சரி, இந்தப் பகுதிப் பட்டறைகளில் வேலை பார்க்கிற ஒருவர் என்றைக்காவது திரையின் முன்னால் நின்று பேச வேண்டிவரும். தரவட்டப் போட்டி, கைசென் போட்டி, கஸ்டமர் ஆடிட், மாதாந்திர ரிவ்யூ என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் வருடக்கணக்காகக் கை பழகியவருக்கு மைக் மட்டும் புதிதாக இருக்கும். அவருக்காகவும், அவரைத் தயார்செய்யும் சூப்பர்வைசருக்காகவும் எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் சிறு குழுவாகக் கூடித் தரக் குறைகளைத் தீர்க்கும் தரவட்டப் பழக்கம் நம் பகுதிக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1962-ல் கவுரு இஷிகாவா முன்னின்று தரவட்டங்களைத் தொடங்கினார். இந்தியாவில் 1980-ல் ஹைதராபாத் பெல் (பாரத மிகுமின் நிறுவன) ஆலையில் அது கால்பதித்தது. 1982-ல் இந்தியத் தரவட்ட மன்றம் உருவானது. பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் தர விருதான டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. 2003-ல் ரானே பிரேக் லைனிங், 2004-ல் பாடி லூகாஸ் டி.வி.எஸ். என்று வரிசை நீண்டது. பெரிய ஆலைகள் பழகியதை அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் சின்னப் பட்டறைகளும் பழகியாக வேண்டும். இருபது பேர் வேலை செய்யும் யூனிட்டில்கூட இன்று குறையின் காரணங்களைக் கிளைகிளையாகக் காட்டும் மீன்முள் வரைபடம் சுவரில் தொங்குவது அதனால்தான்.

வேலை நன்றாக நடந்திருக்கிறது. கணக்கும் கையில் இருக்கிறது. இருந்தும் மேடையில் பல குழுக்கள் சறுக்குவதற்குக் காரணம், அவை தயாரிப்பைத் தலைகீழாகத் தொடங்குவதுதான். தேதி தெரிந்தவுடன் ஒருவர் போன வருட பிபிடி-யைத் திறக்கிறார். தலைப்பை மாற்றுகிறார், படங்களை மாற்றுகிறார், அம்புக்குறிகள் பறந்து வரும்படி செய்கிறார். பேச்சு கடைசி இரவில் எழுதப்படுகிறது. அந்தப் பேச்சு ஸ்லைடில் உள்ளதைத் திரும்பப் படிப்பதாகவே முடிகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் பேசுபவரின் குறிப்பை எழுதுங்கள். குறிப்பு எதைக் காட்டச் சொல்கிறதோ அதற்கு மட்டும் ஸ்லைடு செய்யுங்கள்.

கேட்பவர் என்ன செய்ய வேண்டும்?

ஒரு வெள்ளைத்தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: நாம் பேசி முடித்ததும் எதிரே இருப்பவர் எதை நம்ப வேண்டும், அல்லது எதற்குச் சம்மதிக்க வேண்டும்? தரவட்ட நடுவர், உங்கள் குழு காரணத்தை ஊகிக்காமல் சோதித்துக் கண்டுபிடித்தது என்று நம்ப வேண்டும். கஸ்டமரின் தர அதிகாரி, அதே குறை இனி தன் லைனுக்கு வராது என்று நம்ப வேண்டும். திருமுல்லைவாயல் மகளிர் தொழிற்பேட்டையில் யூனிட் நடத்தும் ஒருவர் வங்கி மேலாளரிடம் புது மெஷினுக்குக் கடன் கேட்கிறார் என்றால், அந்த மேலாளருக்குத் தெரிய வேண்டியது தவணை எந்த ஆர்டரிலிருந்து கட்டப்படும் என்பதுதான். ஒரே வேலையைப் பற்றி இந்த மூவரிடமும் பேசலாம். பேச்சு மூன்று விதமாக இருந்தே தீரும்.

அந்த வாக்கியம் குழுவில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி அமையும்வரை கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். இதற்கு ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளை முழுக்கச் செலவானாலும் அது நல்ல செலவு.

ஒரு குழு, பன்னிரண்டு நிமிடம்

விளக்கத்துக்காக ஒரு குழுவை நாமே கற்பனை செய்துகொள்வோம். எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப். அலுமினிய காஸ்டிங்கில் குறுக்குத் துளை போடும் வேலை. துளை உள்ளே முடியும் இடத்தில் பிசிறு தங்கிவிடுகிறது. ஆயிரம் ஜாபுக்கு 42 ரிஜக்‌ஷன்; அதில் 31 பிசிறால் மட்டும். ஆறு பேர் கொண்ட குழு ஆராய்ந்து பார்த்ததில், டிரில்லை எப்போது மாற்றுவது என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை, சத்தத்தை வைத்தே மாற்றுகிறார்கள் என்று தெரிந்தது. 400 துளைக்கு ஒருமுறை டிரில்லை மாற்றுவது என்று முடிவாகிறது. மெஷினில் ஒரு கவுண்டர் பொருத்துகிறார்கள். ரிஜக்‌ஷன் ஆயிரத்துக்கு 42-லிருந்து 11-க்கு வருகிறது. கொடுக்கப்பட்ட நேரம் பன்னிரண்டு நிமிடம்.

இந்தக் குழு வழக்கமான பாதையில் போனால் என்ன நடக்கும் தெரியுமா? நிறுவன அறிமுகம், தரக் கொள்கை, சான்றிதழ்கள், கஸ்டமர்களின் லோகோக்கள், குழுவின் பெயர்க் காரணம், உறுப்பினர் படங்கள் என்று நான்கு நிமிடம் ஓடிவிடும். பிறகு தரவட்டத்தின் பன்னிரண்டு படிகளையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டுமே என்ற பதற்றம். கவுண்டர் பொருத்திய கதை வரும்போது மணி அடித்துவிடும். கவுண்டரைப் பற்றிக் கேட்கத்தான் நடுவர் உட்கார்ந்திருக்கிறார்.

நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். அறிமுகம் அரை நிமிடம். பிரச்சினை என்ன, அதனால் யாருக்கு என்ன கஷ்டம் என்பதற்கு ஒன்றரை நிமிடம். காரணத்தைக் கண்டுபிடித்த விதத்துக்கு ஐந்து நிமிடம். செய்த மாற்றத்துக்கும் அதில் வந்த சிக்கலுக்கும் மூன்று. பலன் ஒன்று. மீதி ஒரு நிமிடம் கையிருப்பு. அதற்கு எதையும் திட்டமிடக் கூடாது. மைக் கைமாறும்போதும், திரை வர மறுக்கும்போதும் அந்த ஒரு நிமிடம் தானாகவே கரைந்துவிடும்.

காரணத்துக்கு ஐந்து நிமிடம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். குழுவின் மூளை தெரியும் இடம் அது ஒன்றுதான். பலன் எண்ணை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். 400 என்ற கணக்கை எப்படிப் பிடித்தீர்கள் என்பதைச் செய்தவர்களால்தான் சொல்ல முடியும். மீன்முள் வரைபடத்தில் முப்பது காரணங்கள் எழுதியிருந்தாலும் திரையில் ஒரு முள்ளைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். மீதி இருபத்தொன்பதையும் எப்படித் தள்ளினீர்கள் என்ற அட்டவணை கடைசியில் பின்னிணைப்பாக இருக்கட்டும்.

குறிப்புத் தாளின் ஒரு பக்கம்

பவர்பாயிண்ட் மென்பொருளில் ஸ்லைடுக்குக் கீழே ஒரு காலியிடம் இருக்கும், 'நோட்ஸ்' என்று. நம் ஆட்களில் பெரும்பாலோர் அதை இழுத்து மூடிவிடுகிறார்கள். அதைத் திறந்து வையுங்கள். நம் குழுவின் நான்காம் ஸ்லைடுக்கான குறிப்பு இப்படி இருக்கலாம்:

*ஸ்லைடு 4. நேரம்: ஒன்றேகால் நிமிடம். பேசுபவர்: டிரில்லிங் ஆபரேட்டர்.*
*முதல் வரி: "சார், டிரில்லை எப்ப மாத்தணும்னு எங்ககிட்ட ஒரு கணக்கே இல்ல. சத்தம் மாறுனா மாத்துவோம். நைட் ஷிப்ட்ல பக்கத்து மெஷின் சத்தத்துல அதுவும் கேக்காது."*
*காட்ட வேண்டியது: வரைபடத்தில் நைட் ஷிப்ட் கோடு மட்டும். காட்டிவிட்டு நிறுத்து.*
*எண்: நானூறு துளைக்கு மேல் போனால் பிசிறு ஏறுகிறது.*
*கையில்: தேய்ந்த டிரில், புது டிரில். இரண்டையும் நடுவர் மேசையில் வை.*
*கேட்டால்: நானூறு எப்படி? ஐம்பது துளைக்கு ஒரு ஜாப் எடுத்துப் பார்த்தோம். பின்னிணைப்பு 2.*
*ஒப்படைப்பு: "அப்புறம் என்ன பண்ணோம்னு மெயின்டனன்ஸ் அண்ணன் சொல்லுவாரு."*

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்படியே பேச வேண்டிய முழு வாக்கியமாக இருப்பவை இரண்டே இடங்கள்: முதல் வரியும் ஒப்படைப்பும். மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்வது அந்த இரண்டு இடங்களில்தான். இடையில் உள்ளது செய்தவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த வேலை. ஒரு சொல் கண்ணில் பட்டால் போதும், அவரே சொல்லிவிடுவார். எண் எழுத்தில் இருக்கிறது, ஏனென்றால் பதற்றத்தில் 400 என்பதை 40 என்று வாசித்துவிட வாய்ப்பு உண்டு. முதல் வரி பேசுகிற தமிழிலேயே இருக்கிறது. "வெட்டுக்கருவியின் ஆயுட்காலம் நிர்ணயிக்கப்படாமையே மூலகாரணமாகக் கண்டறியப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தால் அந்த ஆபரேட்டர் அதை ஒப்பிப்பார். ஒப்பிக்கிறவரின் கண் கூரையைப் பார்க்கும். நடுவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டால் விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து தொடங்குவார். நம் ஊரில் திறமையான குழுக்கள்கூட இப்படித் தடுமாறுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த மனிதருக்கு விஷயம் தெரியும். தெரிந்ததைத் தன் வாயால் சொல்ல நாம்தான் விடவில்லை.

முதல் தடவை மேடை ஏறுபவர் முழுதாக எழுதிக்கொண்டால்தான் தைரியம் வரும் என்றால் தாராளமாக எழுதட்டும். இரண்டு தடவை சத்தமாகப் படித்த பிறகு, பார்க்காமலேயே வருகிற வரிகளை அவரே அடித்துவிடட்டும். மிஞ்சுவதுதான் அவருடைய குறிப்பு. ஒருவரின் குறிப்பை இன்னொருவர் எழுதித் தருவது கூடாது. சூப்பர்வைசர் எண்ணைச் சரிபார்க்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

யார் பேசுவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். நன்றாக ஆங்கிலம் பேசுகிற ஒருவரிடம் மொத்தத்தையும் கொடுத்துவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கவுண்டரைப் பொருத்தியவரே கவுண்டரைப் பற்றிப் பேசட்டும். சென்னைத் தரவட்ட மேடைகளில் தமிழில் பேசும் குழுக்கள் உண்டு. ஸ்லைடில் ஆங்கிலத் தலைப்பும் வாயில் தமிழும் இருப்பதில் எந்தக் குறையும் இல்லை. குழுவில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் இருந்து, யோசனை அவருடையது என்றால், அவர் இந்தியில் இரண்டு வாக்கியம் சொல்லட்டும், பக்கத்தில் நிற்பவர் தமிழில் சொல்லலாம். அந்த ஒப்படைப்பையும் குறிப்பில் எழுதி வையுங்கள்.

ஆங்கிலக் கையேடுகளில் நிமிடத்துக்கு நூற்றிமுப்பது சொல் என்று ஒரு கணக்கு இருக்கும். அதைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். 'மாற்றிவிட்டிருந்தோம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் மூன்று நான்கு சொற்களில் சொல்கிறார்கள். சொல்லை எண்ணுவதை விட்டுவிட்டு போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, நின்றபடி, சத்தமாகப் பேசிப் பாருங்கள். உட்கார்ந்து முணுமுணுத்தால் வரும் நேரத்தை நம்பக் கூடாது. மேடையில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும்.

இனி ஸ்லைடு

குறிப்பு முடிந்த பிறகு பார்த்தால், பன்னிரண்டு நிமிடத்துக்கு எட்டு ஒன்பது ஸ்லைடு போதும் என்று தெரியவரும். ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பிலும் அந்த ஸ்லைடின் முடிவையே எழுதுங்கள். 'தரவு பகுப்பாய்வு' என்ற தலைப்பு எதையும் சொல்வதில்லை. '42 ரிஜக்‌ஷனில் 31 பிசிறால்' என்பது தலைப்பு.

தலைப்பு வரி எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா விண்ணோடம் 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி சிதைந்தது. கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியிருந்தது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களிலேயே பொறியாளர்கள் அந்த மோதலை ஆராய்ந்து ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே இருப்பதுபோல ஒலித்தது. கீழே, சிறிய எழுத்தில், கடைசி வரிகளில் உண்மையான செய்தி இருந்தது: சோதிக்கப்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணக்கிடப்பட்டது 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. சோதனை முடிவுகள் இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்று அந்தத் தலைப்பு சொல்லியிருக்க வேண்டும். விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துக் காட்டி, மூத்த அதிகாரி ஒருவர் இதைப் படித்து, உயிர் சம்பந்தப்பட்ட நிலைமை என்று உணராமல் போவது எளிது என்று குறிப்பிட்டது. நம் ஷாப்பில் செய்வது பிரேக் பாகமோ ஸ்டீயரிங் பாகமோ என்றால் இந்தப் பாடம் தூரத்தில் உள்ளது என்று நினைக்காதீர்கள். 640 போன்ற ஓர் எண் உங்களிடம் இருந்தால் அதைத் தலைப்பில் வையுங்கள்.

படங்களைப் பொறுத்தவரை ஒன்றுதான் சொல்வேன்: பழையது, புதியது இரண்டையும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். கஸ்டமரின் டிராயிங்கையோ பார்ட் நம்பரையோ அனுமதி கேட்காமல் திரையில் போடாதீர்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலை போன்ற பாதுகாப்புத் துறை ஆலைகளுக்குப் பாகம் செய்பவர்கள் இதில் இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். படம் எடுப்பதற்கே எழுத்துமூல அனுமதி தேவைப்படலாம். அனுமதி வராவிட்டால் கையால் வரைந்த எளிய படம் போதும்.

தமிழ் எழுத்துரு தனிச் சிக்கல். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஸ்லைடு உங்கள் கம்ப்யூட்டரில் அழகாக இருக்கும். போட்டி நடக்கும் அரங்கின் லேப்டாப்பில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோடில் தட்டுங்கள், விண்டோஸில் நிர்மலா எழுத்துரு இருக்கிறது. அதோடு பிடிஎஃப் ஒன்றும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுபவருக்கு மட்டும் குறிப்பு தெரிகிற 'பிரசென்டர் வியூ' வசதியை நம்பிப் போகாதீர்கள். லேப்டாப்பும் புரொஜெக்டரும் ஒரே காட்சியைக் காட்டும்படி இணைத்திருந்தால் அது உங்களுக்குக் கிடைக்காது. சொந்த லேப்டாப் என்றால் விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றலாம். போட்டிகளில் எல்லாக் குழுக்களின் ஃபைலையும் ஒரே மெஷினில் ஏற்றிவிடுவார்கள். அங்கே எதையும் தொட முடியாது. ஆகவே அச்சு எடுங்கள். பிரிண்ட் செய்யும்போது 'நோட்ஸ் பேஜஸ்' என்று தேர்ந்தெடுத்தால் மேலே ஸ்லைடும் கீழே குறிப்புமாக வரும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் அச்சாகட்டும், பக்க எண் கட்டாயம். ஸ்டேப்பிள் அடிக்க வேண்டாம்; பேசி முடித்த பக்கத்தை ஓசையில்லாமல் பின்னால் தள்ள வசதியாக இருக்கும்.

கேள்வி நேரம்

டெமிங் பரிசுத் தேர்வில் நேரிடை ஆய்வில் இரண்டு முக்கியப் பகுதிகள் இருக்கும். முதல் பகுதியில் நிறுவனம் தான் காட்ட விரும்புவதைத் தன் திட்டப்படி காட்டும். இரண்டாவதில் பிடி தேர்வாளர் கைக்குப் போய்விடும். அவர் விரும்பிய இடத்தில் விரும்பியதைக் கேட்பார். சின்னப் பட்டறையின் பன்னிரண்டு நிமிடப் பேச்சுக்கும் இந்த இரண்டாம் பகுதி உண்டு என்று வைத்தே தயாராகுங்கள்.

நம் பிசிறுக் குழுவிடம் என்ன கேட்பார்கள்? 300-ல் மாற்றினால் இன்னும் நல்லதுதானே? டிரில் செலவு எவ்வளவு கூடியது? மிச்சமுள்ள 11 எதனால்? கவுண்டரை யாராவது ரீசெட் செய்யாமல் விட்டால்? இதே துளை உள்ள மற்ற ஜாப்களில் செய்தீர்களா? இப்படிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகளை வேறு செக்‌ஷன் ஆட்களிடம் பேசிக் காட்டித் திரட்டுங்கள். வேறு செக்‌ஷன் என்பது முக்கியம்; உங்கள் ஆட்களுக்கு எல்லாமே ஏற்கெனவே புரிந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லப் போகிறவர் யார், பின்னிணைப்பில் எந்தப் பக்கம் என்று குறிப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அதை ஆறு பிரதி எடுத்து ஆறு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் சொல்ல வேண்டிய வரியையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்: "அதை நாங்க இன்னும் அளந்து பாக்கல சார், அடுத்த மாசம் அளக்கிறோம்." நடுவரின் கேள்வியையும், எந்த மாதம் அளப்பதாகச் சொன்னீர்கள் என்பதையும் அதே தாளில் அங்கேயே குறித்துக்கொண்டு, ஷாப்புக்குத் திரும்பியதும் மெஷின் பக்கத்து போர்டில் ஒட்டிவிடுங்கள்.